வாயசைவு

கண்டரமாணிக்கத்தில் ஆயா வீட்டை விற்கப் போகிறார்கள் என்று போன் வந்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வீடு அல்ல. ஒரு வீடியோ கேசட்.

1994-ல் பெரிய அம்மான் மகளுக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்தார்கள். இரண்டாங்கட்டில் இருந்த மர பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்து அந்தக் கேசட்டை வைத்திருந்தார்கள். வீடு கைமாறினால் பீரோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்விடும். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. செட்டிநாட்டு வீடுகள் கதவாகவும் தூணாகவும் பிரிந்து நிற்கும். கேசட்டை அங்கே யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள். குப்பையில்தான் போடுவார்கள்.

ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து பேசவே இல்லை. குன்றக்குடி மலை தெரிந்தபோது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முகப்பில் செருப்பைக் கழற்றியபோது கால் தானாகத் தயங்கியது. ஆத்தங்குடிக் கல் மேல் விரல் கனத்துக்குத் தூசி. வளவில் வாங்க வந்தவரின் ஆள் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார். பர்மா தேக்கு. எண்ணி முடித்துவிட்டுச் சந்தேகம் வந்து மறுபடி ஆரம்பித்தார். ஆத்தா, "இருபத்தி நாலுப்பா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கேசட் கிடைத்தது. உறைக்குள் பாச்சை உருண்டை ஒன்று கரைந்துபோய்க் கிடந்தது.

அந்தக் கேசட் மீது எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் அமெரிக்கா வரை போய்வர வேண்டும்.

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்க நூலகம்தான் எனக்கு அடைக்கலம். ஏ.சி. இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்கும். 'என்னப்பா இன்னும் வேலை கிடைக்கலையா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கேதான் கவிஞர்களைப் பற்றிய டாக்குமென்டரி படங்களைப் பார்க்கிற பழக்கம் வந்தது. நம் ஊரில் டாக்குமென்டரி என்றாலே, தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் வெள்ள நிவாரணப் படம்தான். அது ஓடும்போது முறுக்கு வாங்கப் போவோம். ஒரு கவிஞனின் வாழ்க்கையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

ராபர்ட் ஃப்ராஸ்ட் பற்றி ஷெர்லி கிளார்க் எடுத்த படத்தை மறக்கவே முடியாது. 1963-ல் வந்தது. சிறந்த டாக்குமென்டரிக்கான ஆஸ்கர் விருது வாங்கியது. படம் பிடித்தபோது கிழவருக்கு எண்பத்தெட்டு வயது. வெர்மான்ட்டில் மலையடிவாரத்து வீடு. தனியாக இருக்கிறார், தோட்டத்தில் நடக்கிறார், கல்லூரிப் பெண்கள் முன்னால் நின்று கவிதை சொல்லிக் குறும்பாகச் சிரிக்கிறார். அதோடு கேமராவைப் பற்றியே ஒரு குத்தலும் விடுகிறார். ஒன்று நான் உருளைக்கிழங்கு தோண்டுகிறேன், இல்லாவிட்டால் கவிதை சொல்கிறேன், வேறு வேலையே எனக்குக் கிடையாது என்பதுபோல இவர்கள் படம் காட்டுகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்பை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருந்தார் அந்த அம்மா. அதுதான் எனக்குப் பிடித்தது. 1963 ஜனவரியில் ஃப்ராஸ்ட் இறந்துவிட்டார். ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை.

'வாய்ஸஸ் அண்டு விஷன்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. 1988-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. விட்மனில் தொடங்கி சில்வியா பிளாத் வரை பதின்மூன்று கவிஞர்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம். அதில் எமிலி டிக்கின்ஸன் படத்தை எப்படி எடுத்திருக்கப் போகிறார்கள் என்ற ஆர்வத்தில் உட்கார்ந்தேன். ஏனென்றால், காட்டுவதற்கு எதுவுமே இல்லாத ஆள் அவர். ஐயத்துக்கு இடமில்லாமல் அவருடையது என்று சொல்லக்கூடிய போட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் சின்ன வயதில் எடுத்தது. பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்த கவிதைகள் பத்து தேறினால் அதிகம். 1886-ல் அவர் இறந்த பிறகு தங்கை அறையைத் திறந்து பார்த்தால், காகிதங்களை நூலால் தைத்துத் தைத்து வைத்த சின்னச் சின்னக் கட்டுகள். மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேல். தங்கை நினைத்திருந்தால் அடுப்பில் போட்டிருக்கலாம்.

விட்மன் கதை நேர் எதிர். மனுஷனுக்கு போட்டோ எடுத்துக்கொள்வதில் கொள்ளை ஆசை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. குரல்? மெழுகு உருளையில் பதிவானதாகச் சொல்லப்படும் ஒரு பதிவு இருக்கிறது. நாலு வரி. முப்பத்தாறு விநாடி. அது விட்மன் குரல்தானா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு கிழவர் பேசுகிறார். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவராக இல்லாவிட்டால் போகட்டும், அவர் காலத்துக் கிழவர் ஒருவர் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இந்த விட்மனைப் பற்றித் தமிழில் வியந்து எழுதியவர் பாரதி. பாரதிக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஐந்து போட்டோ. அவ்வளவுதான். அந்த ஐந்தில் இரண்டு எங்கள் சீமையில் எடுத்தவை என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. 1919-ல் பாரதி செட்டிநாட்டுக்கு வந்தார். கானாடுகாத்தானில் வை.சு.சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனார். சங்கத்துக்கு அப்போது இரண்டு வயது. சங்கத்தைப் பாராட்டிக் கவிதை எழுதிக் கொடுத்தார். சங்கத்துக்காரர்கள் அவரை நடுவில் உட்கார வைத்து ஒரு படம், தனியாக ஒரு படம் எடுத்தார்கள். தலைப்பாகையும் தாடியுமாக நாம் பார்க்கிற அந்த முகம் இருக்கிறதே, அதைக் காப்பாற்றியது காரைக்குடி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட அவர் இருக்கவில்லை.

யாரோ ஒருவர், 'ஐயரைக் கூப்பிட்டு ஒரு போட்டோ எடுத்துடுவோம்' என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார். 'அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கலாம்' என்று சொல்லவில்லை.

ஆனால், குரல் இல்லை. பாரதி பாடினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருந்து கேட்ட யதுகிரி அம்மாள் எழுதியிருக்கிறார். வ.ரா. எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே சென்னைக்கு கிராமபோன் வந்துவிட்டது. பாகவதர்கள் தட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். இவரை யாரும் அழைத்துப்போய் குழாய்க்கு முன்னால் நிறுத்தவில்லை. 1999-ல் அம்ஷன் குமார் பாரதி பற்றி டாக்குமென்டரி எடுத்தார். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ஷெர்லி கிளார்க்குக்கு ஃப்ராஸ்டே வந்து நின்றார். நம் ஆளுக்கு அசையாத ஐந்து படங்களிலிருந்துதான் ஒரு மனுஷனை எழுப்ப வேண்டும்.

படம் எடுக்கத் தெரிந்த ஆள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியார். 1937-ல், இருபத்தாறு வயது முடிவதற்குள், காந்தியைப் பற்றிப் படம் எடுப்பது என்று கப்பலில் வைத்து முடிவெடுத்தார். உலகம் முழுக்க லட்சம் மைல் சுற்றி, யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த துண்டுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஐம்பதாயிரம் அடி ஃபிலிம். 1940-ல் படம் வெளியானது. பாரதி மட்டும் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்று நான் பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

கண்ணதாசன் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்து, 1981-ல் அமெரிக்காவில் சிகாகோவில் போய்க் கண்ணை மூடிய மனுஷன். அவர் முகமும் இருக்கிறது, குரலும் இருக்கிறது. சினிமாவில் நடித்தார், கேசட்டில் பேசினார். இரண்டும் வியாபாரத்துக்காக எடுத்தவைதான். இருந்தால் என்ன, இருக்கின்றன அல்லவா?

இதெல்லாம் மண்டைக்குள் ஏறிப்போய்த்தான் 2002-ல் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

டாக்குமென்டரி எடுக்கிற நண்பன் ஒருவன், ஏடறியாத பெண் கவிஞர்கள் என்று ஏதோ திட்டம் வைத்திருந்தான். "எங்க ஆயாவை எடு" என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆயாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால், எங்கள் வம்சத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தாலாட்டு கட்டியவள் அவள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தாலாட்டிலிருந்து ஓர் அடி எடுத்து ஆரம்பிப்பாள். மூன்றாவது அடியில் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனது, கப்பல் கடிதாசு வராமல் இருந்தது, ஜப்பான்காரன் குண்டு போட்டு 1942-ல் எல்லாம் போய், உடுத்த வேட்டியோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்தது, இந்தப் பிள்ளைக்கு மூக்கு யார் ஜாடை, அந்தப் பங்காளி வீட்டுக்காரன் எத்தனை கருமி, எல்லாம் வரும். துஷ்டி வீட்டில் ஒப்பாரிக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவர் கதையை அவர் பிறந்ததிலிருந்து சொல்லி அழுவாள்.

நண்பன் கேமராவோடு வந்து இறங்கினான். சித்திரை வெயில். ஆயா கண்டாங்கிச் சேலை உடுத்திக்கொண்டு வளவில் உட்கார்ந்திருந்தாள். கையில் பனையோலை. கொட்டான் முடைந்துகொண்டிருந்தாள்.

"ஆச்சி, இந்தத் திருவையில கொஞ்சம் அரைங்களேன். ஒரு ஷாட் எடுத்துக்கறேன்."

"இது என் மாமியா அரைச்ச திருவை. நான் எப்பப்பா இதுல அரைச்சேன்? மிசின் வந்து அம்பது வருசமாச்சு."

எனக்கு ஃப்ராஸ்டின் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

"சரி ஆச்சி, ஒரு தாலாட்டு பாடுங்க."

"புள்ளைய எங்க?"

"புள்ளை எதுக்கு? சும்மா பாடுங்க."

"புள்ளை இல்லாம எப்படித் தாலாட்டுறது?"

வீட்டில் அப்போது குழந்தையே இல்லை. எல்லோரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர். நண்பன் ஒரு தலையணையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினான். ஆயா அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். "வேணாம் தம்பி, கண்ராவி" என்றாள்.

"அப்ப ஒப்பாரி?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம், "ஐயையோ" என்றார்கள். கேதம் இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் கேதத்தைக் கூப்பிட்ட மாதிரி. அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆயா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்ல புள்ளையும் இல்ல, பொணமும் இல்ல. நான் என்னத்தடா ராசா பாட?"

ஆனாலும், ராத்திரி வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு டேப் முழுக்கப் பேச்சு. உப்பு விலை, பர்மா, மாமியார் கொடுமை, கொட்டானுக்கு ஓலையை எப்படிச் சாயம் போடுவது, கேமராவில் விளக்கு ஏன் சிவப்பாக எரிகிறது. பாட்டு ஓர் அடி கிடையாது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம் மகளக் கூட்டிட்டு வா. எட்டு மாசம் ஆச்சுங்கிறே, நான் இன்னும் மொகத்தையே பார்க்கல. மடியில போடு, பாடறேன். அப்பப் புடிச்சுக்கட்டும் இந்தப் புள்ளை, எம்புட்டு வேணும்னாலும்."

"அடுத்த மாசம் வர்றேன் ஆயா" என்றேன்.

அடுத்த மாதம் அக்கினி நட்சத்திரம். குழந்தைக்கு வேர்க்குரு. அதற்கடுத்த மாதம் என் மனைவிக்கு லீவு முடிந்துவிட்டது. பிறகு தடுப்பூசி, பிறகு காய்ச்சல், பிறகு மழை. தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். தை மாதம் போன் வந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குத்தான் போனேன். வளவில் ஆயாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். வெறும் அழுகைதான். ஒப்பாரி எடுக்க ஆள் இல்லை. இத்தனை வருஷம் அதைப் பாடியவளே படுத்திருக்கிறாள். ஊர்க் கிழவி ஒருத்தி ஆரம்பித்துப் பார்த்தாள். இரண்டாவது அடியில் வார்த்தை மறந்து நின்றுபோனாள். யாரோ டேப் ரிக்கார்டரில் தேவாரம் போட்டார்கள். என் மகள் அந்தச் சத்தத்தில் என் தோளில் தூங்கிவிட்டாள்.

நண்பனின் படம் பிறகு வந்தது. அதில் வேறு ஊர்ப் பெண்கள் நன்றாகவே பாடினார்கள். ஆயா இல்லை. அவன் மேல் தப்பில்லை.

இப்போது அந்தக் கல்யாணக் கேசட்டுக்கு வருகிறேன். அதில் ஆயா பாடுகிற இடம் ஒன்று உண்டு என்று எனக்கு நல்ல ஞாபகம். காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் பழைய கேசட்டை எல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். டேப்பில் பூஞ்சை. பையன் பஞ்சால் துடைத்துத் துடைத்து ஓட்டினான். கோடு கோடாகப் படம் வந்தது. திருப்பூட்டுகிற நேரம். கேமரா மணமக்களை விட்டுவிட்டுக் கூட்டத்தின் மேல் மெதுவாகத் திரும்புகிறது. பட்டாலையில் தூணில் சாய்ந்தபடி ஆயா. மடியில் சின்ன அம்மான் பேரன். கால் ஆடுகிறது, தலை ஆடுகிறது, வாய் அசைகிறது. ஆயா பாடுகிறாள். என் மாதிரி ஆள் யாரோ ஒரு வீடியோக்காரர், அழகாக இருக்கிறதே என்று கேமராவை அங்கேயே நிறுத்தியிருக்கிறார். முக்கால் நிமிஷம்.

சத்தத்தில் கேட்டது அந்த வருஷத்து சினிமா டூயட் ஒன்று.

"ஒரிஜினல் சவுண்டு?" என்றேன்.

"மிக்ஸிங்லயே தூக்கிட்டுப் பாட்டைப் போட்டிருக்காங்க சார். அப்ப எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தான்."

"கேமராவில எடுத்த கேசட் எங்கயாச்சும் இருக்குமா?"

"அதுலயே அடுத்த கல்யாணத்தை எடுத்திருப்பாங்க சார்."

நண்பனுக்கு போன் செய்தேன். அவனிடம் அந்த இரண்டு டேப்பும் இன்னும் இருக்கின்றன. உற்சாகமாகிவிட்டான். பேச்சுக் குரல் ரெண்டு மணி நேரம் இருக்கிறது, இப்போது கம்ப்யூட்டரே அந்தக் குரலில் பாடும், வாயசைவுக்குப் பொருத்திவிடலாம் என்றான். "வரி மட்டும் குடு" என்றான்.

வரி யாரிடம் இருக்கிறது?

பென் டிரைவை எடுத்துக்கொண்டு கண்டரமாணிக்கம் திரும்பினேன். பக்கத்து வீட்டிலிருந்து டி.வி-யைத் தூக்கி வந்து வளவில் வைத்தோம். சின்ன அம்மானைக் கட்டிய ஆச்சியும் வந்து உட்கார்ந்தாள். தூண் எண்ண வந்தவரும் நின்று பார்த்தார். சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு ஓட்டினேன்.

ஆத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டி.வி-க்கு ஒரு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஆயாவின் உதடு அசைய அசைய இவள் உதடும் அசைந்தது.

"கப்பல்னு சொல்றா" என்றாள்.

"இல்லத்தா, அது கட்டில். தங்கக் கட்டில்னு வரும்" என்றாள் ஆச்சி.

"எங்க ஆத்தா எனக்குப் பாடினது எனக்குத் தெரியாதா? கப்பல்தான்."

"இது ஒங்களுக்குப் பாடினதா? எம் பேரனுக்குப் பாடறாக."

இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். திரையில் கேமரா ஆயாவை விட்டு நகர்ந்து, பந்தியில் இலை போடுகிறவர்களிடம் போய்விட்டது.

"திருப்பிப் போடு" என்றாள் ஆத்தா.

போட்டேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, ஆச்சி ஓர் அடியை மெதுவாக முனகினாள். ஆத்தா வேகமாகத் திரும்பி, "அதுதான், அதுக்கடுத்து?" என்றாள். ஆச்சிக்கு வரவில்லை.

வெளியே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஆத்தா காதில் வாங்கவில்லை. "இன்னொரு தடவை போடுடா" என்றாள்.